ஓடைக்கு நடுவே ஒரு மண்டபம்: ஊர்க் கல் பாலத்தைப் பதிவு செய்து பாதுகாக்க ஒரு முழு வழிகாட்டி

எடப்பாடிப் பக்கம் என் அம்மாயி ஊர். ஊருக்கு மேற்கே, சரபங்கா நதியில் போய்ச் சேரும் ஓடை ஒன்று உண்டு. அதன் குறுக்கே ஒரு கல் பாலம் இருந்தது. குழாய் வைத்த சிமெண்ட் பாலம் வந்தபோது பழைய கற்களை நெம்பியெடுத்துக் கரையில் தள்ளினார்கள். அவற்றில் இரண்டு இன்று டீக்கடை முன்னால் பெஞ்சாகக் கிடக்கின்றன. ஒன்றில் எழுத்து இருந்ததாக அம்மாயி சொல்வார். அந்தப் பக்கம் இப்போது மண்ணுக்குள். பாலத்தின் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை, எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லை.

அடுத்த ஊரில் அதே மாதிரி இன்னொரு பாலம் இருப்பது தெரிந்ததும் நோட்டோடு போனேன். அங்கே கற்றதும் தப்பு செய்து திருத்திக்கொண்டதும்தான் கீழே வருகிறது. சேலம் மாவட்டத்து ஓடைகளில், ஏரியின் உபரி நீர் வழியும் கலிங்குகளில், பழைய வண்டிப்பாதைகளில் இப்படிப் பேரில்லாத கல் பாலங்கள் கிடக்கின்றன. மனு கொடுப்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஜேசிபியோடு வருவதற்கு முன்னால் பதிவு செய்வதுதான் முதல் வேலை. கல்லே போனாலும் பதிவு நிற்கும்.

முதலில் மற்ற இடங்களைப் பாருங்கள்

ஹைதராபாத்தில் மூசி ஆற்றின் மேல் இருக்கும் புரானா புல் 1578இல் கட்டியது. அந்த நகரம் பிறந்த 1591க்கே மூத்தது. உத்தரப் பிரதேசத்து ஜௌன்பூரில் கோமதி மேல் நிற்கும் ஷாஹி பாலம் அக்பர் காலத்தது, முனிம் கான் கட்டுவித்தது. 1934 நிலநடுக்கத்தில் அதன் ஏழு வளைவுகள் சேதமாகி, திரும்பக் கட்டினார்கள். இரண்டும் வளைவுப் பாலங்கள்.

நம் பக்கத்து முறை வேறு. அதைப் பார்க்க ஹம்பிக்குப் போக வேண்டும். துங்கபத்திரைக்கு நடுவே விஜயநகரக் காலத்துப் பாலம் ஒன்றின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. மேலே பாவிய கல் பெரும்பாலும் இல்லை. தண்ணீருக்குள் யாரோ மண்டபம் கட்டிப் பாதியில் விட்டுப்போன மாதிரி இருக்கும். இந்த மண்டபக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் நம் ஊர்ப் பாலம் எளிதாகப் புரியும்.

எப்போது போவது, எதை எடுத்துப் போவது

சித்திரை, வைகாசி நல்லது. ஓடை வற்றியிருக்கும், தூணின் அடி தெரியும். நான் முதல் தடவை ஐப்பசியில் போனேன். முழங்கால் தண்ணீரில் நின்று மேல் கல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன், ஒரு நாள் வீண்.

30 மீட்டர் டேப், ரசமட்டம், கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டு, நல்ல டார்ச், கட்டம் போட்ட நோட்டு. ஒரு மீட்டர் நீளக் குச்சிக்குப் பத்துப் பத்து சென்டிமீட்டராகக் கறுப்பு வெள்ளை பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு படத்திலும் அது இருக்க வேண்டும். பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். கல் இடுக்கு என்றால் கண்ணாடி விரியனுக்குக் கொள்ளைப் பிரியம். பாலத்தடியில் குளவிக்கூடும் இருக்கும். தனியாகப் போகாதீர்கள்.

பாலத்தைப் படிப்பது

கரையில் நின்று பார்க்காமல் ஓடைக்குள் இறங்கி, அடியிலிருந்து மேலே பாருங்கள்.

கோயில் மண்டபத்தில் தூண், தூண்மேல் உத்திரத்தைத் தாங்கும் தலைக்கல்லான போதிகை, அதன்மேல் உத்திரம், உத்திரத்துக்கு உத்திரம் பாவிய பலகைக் கல்லான பாவுகல். கல் பாலமும் அதுவேதான், போதிகையின் பூ வேலைப்பாடு மட்டும் இருக்காது. ஓடையில் பாறை தெரிந்தால் அதில் சதுரக் குழி வெட்டித் தூணை நட்டிருப்பார்கள். தூண் விழுந்து போயிருந்தாலும் குழி அப்படியே இருக்கும். குழிகளை எண்ணினாலே பாலம் முன்பு எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும். பாறை இல்லாத இடத்தில் பெரிய கல்லை அடியில் படுக்கப் போட்டு அதன்மேல் தூணை நிறுத்தியிருப்பார்கள்.

இடைவெளி ஏன் இவ்வளவு குறுகல் என்று தோன்றும். கருங்கல் அமுக்கினால் தாங்கும், வளைத்தால் தாங்காது. பாவுகல்லின் மேல் சுமை ஏறும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுப்பில்தான் கல் உடையும். அதனால் கல்லைத் தடிமனாக வெட்டி, தூண்களை நெருக்கமாக நடுவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் தடிமன் உள்ள கல்லின் கன அளவு 0.54 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2.7 டன் இருக்கும். அப்படியானால் அந்த ஒற்றைக் கல் ஏறத்தாழ ஒன்றரை டன். கிரேன் இல்லாத காலத்தில் மண்மேடு போட்டு, உருளை வைத்து, மாட்டையும் ஆளையும் வைத்து இழுத்து ஏற்றியிருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியவற்றில் முக்கியமானது பாவுகல்லின் அடிப்பக்க நடு. அங்கே குறுக்காக மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தக் கல் அபாயத்தில் இருக்கிறது. மரம் முறியும் முன் சத்தம் போடும், இரும்பு வளையும். கல் எதுவும் சொல்லாமல் இரண்டாகும். மாட்டு வண்டிக்காகப் போட்ட கல்மேல் எம்-சாண்ட் டிப்பர் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து தூணின் கால். நீரோட்டம் வந்து மோதும் பக்கம் கல்லைக் கூராக வெட்டி மூக்கு மாதிரி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வெள்ளத்தைக் கிழித்து இரண்டாகப் பிரிப்பதற்கு அது. தூணின் அடியைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தால் அரிப்பு. ஓடையில் மணல் அள்ளினால் படுகை முழுவதும் இறங்கி, முன்பு மண்ணுக்குள் இருந்த அடிக்கல் வெளியே வந்துவிடும். பாலங்கள் பெரும்பாலும் மேலிருந்து சாவதில்லை, காலிலிருந்துதான்.

நீங்கள் பார்ப்பது வளைவுப் பாலமாக, செதுக்கிய கற்களை ஆரமாக அடுக்கி நடுவே ஆப்புக்கல் வைத்ததாக இருந்தால் அது பெரும்பாலும் வேறு காலம். சேலம் வழியாகப் போகும் சென்னை–பேப்பூர் ரயில் பாதை 1862இல் முடிந்தது. அந்தப் பாதையை ஒட்டியும் அரசு அலுவலகங்களுக்குப் போகும் பழைய கச்சேரி சாலைகளிலும் வெள்ளைக்காரர் காலத்து வளைவு மதகுகள் உண்டு. அவையும் நூறு வயது தாண்டியவைதான். பழசில் இளசு என்று ஒதுக்க வேண்டாம்.

வயதைக் கண்டுபிடிப்பது

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சேலம் மாவட்டத்தில் எந்தப் பழைய கல்லைக் காட்டினாலும் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும்: பாண்டவர் போட்டது, இல்லாவிட்டால் கெட்டி முதலி போட்டது. தாரமங்கலத்தை மையமாகக் கொண்டு ஆண்ட கெட்டி முதலிகள் நிறையவே கட்டினார்கள். அவர்கள் பேரில் சொல்லப்படும் ஆத்தூர்க் கோட்டை வசிஷ்ட நதிக்கரையில் நிற்கிறது. அதற்காக ஒவ்வொரு மதகும் அவர்கள் தலையில் விழ வேண்டுமா?

கல்லை எப்படிப் பிளந்தார்கள் என்பதைப் பார்த்தால் ஓரளவு பதில் கிடைக்கும். கல்லின் விளிம்பில் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். உளியால் வெட்டிய நீள்சதுரக் குழிகள் என்றால் ஆப்பு அடித்துப் பிளந்த பழைய முறை. பாதி உருளை வடிவத்தில், விரல் நுழையும் அகலத்தில் நேரான துளைத் தடங்கள் இருந்தால் அது கடப்பாரைத் துளை அல்லது டிரில், பிந்தைய காலத்தது. ஒரே பாலத்தில் இரண்டும் இருந்தால் இடையில் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். எந்தக் கல்லில் எது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கல் எந்த மலையிலிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற பாறை. புதிதாக உடைத்தால் கருநீலமும் எண்ணெய்ப் பசை போன்ற மினுமினுப்பும் தெரியும், வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பாகும். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவர் கல்லறையில் இருந்த பாறையை வைத்து வந்த பேர் அது. அந்தக் கல்லறைக் கல்லே சென்னைப் பக்கத்திலிருந்து போனது என்பது தனிக் கதை. உங்கள் பாலத்துக் கல்லும் பக்கத்துக் குன்றின் கல்லும் ஒன்றா என்று கண்ணால் ஒப்பிட்டு எழுதினால் போதும். துண்டு உடைத்து எடுத்து வராதீர்கள்.

பிறகு மறுபயன்பாடு. பாவுகல்லில் அர்த்தமில்லாமல் ஒரு தாமரை, பாதித் தூண், வாளோடு நிற்கும் வீரன் தெரிந்தால், இடிந்த கோயிலின் கல்லோ நடுகல்லோ பாலத்துக்கு வந்திருக்கிறது. அப்போது அந்தக் கல்லின் வயது பாலத்தின் வயது ஆகாது. பாலம் அதைவிட இளையது என்று மட்டும்தான் சொல்லலாம்.

பாதையையும் கணக்கில் எடுங்கள். பாலம் இருந்தால் வழி இருந்தது, வழி இருந்தால் சந்தையோ படையோ கோயிலோ இருந்தது. ஆத்தூர் பக்கம் ஆறகளூரில் கிடைத்த ஒரு கல், மகதேசன் பெருவழியில் காஞ்சிபுரம் 16 காதம் என்று தூரம் சொல்கிறது. தர்மபுரிப் பக்கத்து அதியமான் பெருவழிக் கல்லில் நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுதி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகப் பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் வெட்டியிருக்கிறார்கள். உங்கள் பாலம் இப்படி ஒரு வழியின் துண்டாக இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். பாறையில் வண்டிச் சக்கரத் தடம், சுமைதாங்கிக் கல், பழைய கிணறு, பாழடைந்த சத்திரம், எது கண்ணில் பட்டாலும் குறியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கல்வெட்டு இல்லையென்றால் "ஆயிரம் ஆண்டுப் பாலம்" என்று எழுதாதீர்கள். "ஆப்புக்குழி முறையில் பிளந்த கற்கள், கல்வெட்டு இல்லை" என்று எழுதுங்கள். மனுவைப் படிக்கும் தொல்லியல் அலுவலருக்கு இரண்டாவது வரிதான் நம்பிக்கை தரும்.

எழுத்து இருந்தால்

காலை ஏழு மணி வெயிலிலோ மாலை ஐந்து மணி வெயிலிலோ பக்கவாட்டில் ஒளி விழும்போது படம் எடுங்கள். உச்சி வெயிலில் எழுத்தே தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் பகலில் தெரியாத வரிகூட எழுந்து நிற்கும், நானே பார்த்து அசந்திருக்கிறேன். தூசியைத் தண்ணீரும் மென்மையான துணியும் கொண்டு துடைக்கலாம். மாவு, சுண்ணாம்பு, எண்ணெய், மஞ்சள், சாக்பீஸ் எதுவும் வேண்டாம். ஈரத்தாளை ஒட்டி மை தடவி எழுத்தைப் படி எடுக்கும் மைப்படி, பயிற்சி உள்ளவர் வேலை.

பழைய எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, வடமொழிச் சொல் கிரந்த எழுத்தில் கலந்து வரும். "ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடங்கினால் அதுதான் முதல் வரி. சக ஆண்டு தெரிந்தால் 78ஐக் கூட்டுங்கள். சகம் 1412 என்றால் சுமார் 1490. கலியுக ஆண்டு என்றால் 3101ஐக் கழியுங்கள்.

அளவும் படமும்

மொத்த நீளம், அகலம், எத்தனை கண் (தூணுக்கும் தூணுக்கும் நடுவே தண்ணீர் போகும் வழி), ஒவ்வொரு கண்ணின் அகலம், படுகையிலிருந்து பாவுகல்லின் அடிவரை உயரம். பாவுகற்களுக்குக் கரையிலிருந்து எண் கொடுங்கள், கல்லின்மேல் எழுதாமல் நோட்டில் மட்டும். ஒவ்வொரு தூணுக்கும் தூக்குக்குண்டு விட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். படங்கள் நான்கு பக்கமும் நேராக, பிறகு ஒவ்வொரு தூண், ஒவ்வொரு பாவுகல்லின் அடி. கடைசியில், தெரிந்த தென்னையோ மின்கம்பமோ பின்னால் வரும்படி ஆறு இடங்களை நிலையாகத் தேர்ந்துகொள்ளுங்கள். பின்னால் இந்த ஆறும்தான் உதவும்.

ஊரைக் கேட்பது

"இது எப்பக் கட்டினது?" என்று கேட்டால் பாண்டவர் வந்துவிடுவார். ஒரு பெரியவரிடம் நான் கேட்டது இப்படி: "ஏனுங்க அப்பாரு, நீங்க சின்னப் பையனா இருக்கறப்போ இதுமேல வண்டி போச்சுங்களா? எந்தச் சந்தைக்குங்க?"

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சந்தைக்கு இல்ல சாமி. பருத்திப் பொதி வரும். வெள்ளம் வந்தா இந்த மூணாங் கல்லு முழுகுச்சுன்னா நிறுத்திப்போடுவோம், தாண்ட மாட்டோம்."

மூன்றாம் கல்லைப் போய்ப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு கோடு வெட்டியிருந்தது. மூன்று தடவை அளந்தும் என் கண்ணில் படாத கோடு. வயதானவர்களிடம் பேசாமல் பதிவை முடிக்காதீர்கள். துணி துவைக்க வரும் பெண்களிடமும் கேளுங்கள், பாலத்தின் அடிப்பக்கத்தை அவர்களைப் போலத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

ஒரு எச்சரிக்கை. நோட்டும் டேப்புமாக ஓடையில் குனிந்து நின்றால் புதையல் தேடுகிறான் என்ற பேச்சு கிளம்பும். ஊர்த் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "தங்கம்" என்ற சொல்லைத் தமாஷுக்குக்கூட எடுக்காதீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக ராத்திரியில் தூணைத் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

காகித வேலை

பாலம் யாருடையது? இதற்குப் பதில் இல்லாமல் கொடுத்த என் முதல் மனு நான்கு மேஜை சுற்றித் திரும்பி வந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்துச் சர்வே எண்ணை எடுங்கள். பெரும்பாலும் ஓடைப் புறம்போக்கு என்று இருக்கும். ஏரியோடு சேர்ந்த பாலம் என்றால் இன்னொரு கேள்வி. 40 ஹெக்டேருக்குக் குறைந்த பாசனம் உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. பட்டா நிலத்தில் இருந்தால் உரிமையாளரிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்குத் தெரியாமல் மனு போட்டால் பாலம் காணாமல் போனாலும் போகும்.

பிறகு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடும். "சர்வே எண் இன்னதில் உள்ள பழைய கல் பாலத்தை இடிக்காமல் பாதுகாக்க வேண்டும், புதுப் பாலம் தேவையானால் பக்கத்தில் தள்ளிக் கட்ட வேண்டும்" என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். பின்பாதி முக்கியம். ஆம்புலன்ஸ் வர வழி வேண்டும் என்று ஊர் கேட்பது நியாயம். அதற்குப் பதில் சொல்லாமல் பழமை பேசினால் தீர்மானம் தோற்கும்.

தீர்மான நகல், ஆறு படங்கள், அளவு வரைபடம், சர்வே எண், ஒரு பக்கக் குறிப்பு. இவற்றோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு. நகலைச் சென்னையில் இருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒன்று கொடுக்கலாம். மனு எண் உள்ள ரசீது இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சட்டம் இரண்டு. மாநிலத்துக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம், மத்திய அரசுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம். சங்ககிரிக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஓடைப் பாலத்துக்கு மாநிலத் துறைதான் நடைமுறைக்கு ஏற்றது. மத்தியச் சட்டத்தில் நூறு ஆண்டுக்குக் குறையாத வயது வேண்டும். அறிவிக்கும் எண்ணத்தை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபணைக்கு இரண்டு மாதம் தருவார்கள். அறிவித்துவிட்டால் சுற்றி 100 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த 100 மீட்டர் சமாச்சாரத்தை ஊரில் மறைக்காதீர்கள். பாலத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டக் காத்திருப்பவர் பின்னால் தெரிந்துகொண்டால் உங்களை மன்னிக்க மாட்டார்.

அதுவரை தொடக்கூடாதவை

நல்ல மனசோடு செய்வதுதான் அதிகம் கெடுக்கிறது. இளைஞர் மன்றம் ஒன்று இடுக்கு இடுக்காகச் சிமெண்ட் பூசி, தூணுக்கு வெள்ளையும் காவியும் அடித்ததைப் பார்த்திருக்கிறேன். சாந்தில்லாமல் அடுக்கிய கல் கொஞ்சம் அசைந்து கொடுத்துத்தான் நிற்கிறது, ஈரமும் இடுக்கு வழியே வெளியேறிவிடும். பழைய சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை விட்டுவிடும். சிமெண்ட் இரண்டையும் அடைக்கும். உள்ளே தங்கிய ஈரத்தோடு உப்பும் சேர்ந்து கல்லின் முகத்தையே உரிக்கும். ஆசிட், கம்பி பிரஷ், மணல் பீச்சுவது எல்லாம் இந்தக் கணக்குத்தான்.

அரச மரக் கன்று முளைத்திருந்தால் இழுக்காதீர்கள். வேரோடு கல்லும் வரும். தரையோடு வெட்டி விட்டு, துளிர்க்கத் துளிர்க்க மாதம் ஒருமுறை வெட்டுங்கள். ஓடையில் வந்து அடைத்த சீமைக் கருவேல முள்ளையும் பிளாஸ்டிக்கையும் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். கண் அடைத்தால் வெள்ளம் பாலத்தின்மேல் ஏறும். டிராக்டரையும் டிப்பரையும் நிறுத்த, ஊர் சம்மதத்தோடு இரு முனையிலும் கல் நட்டு, இருசக்கர வண்டி மட்டும் போகும் அளவுக்கு இடம் விடுங்கள். நடுவதைப் பாலத்தில் குழி வெட்டி நடாமல் கரை மண்ணில் நடுங்கள்.

வருடம் ஒருமுறை

கார்த்திகையில், மழை ஓய்ந்ததும், அதே ஆறு இடத்தில் அதே ஆறு படம், குச்சியோடு. இரண்டு வருடம் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. மூன்றாம் வருடப் படத்தில் இரண்டாம் தூணின் அடிக்கல் ஒரு சாண் வெளியே வந்திருந்தது. மேலே நின்று பார்த்தால் பாலம் அப்படியேதான் இருந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, மணல் அள்ளும் இடத்தைச் சர்வே எண்ணோடு குறித்து, அடுத்த திங்கட்கிழமை மறுபடி வரிசையில் போய் நின்றேன்.